தன் விஷத்தில் தானே சாகாத பாக்டீரியா... ரகசியம் என்ன?

நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக் மருந்துகள் பலவற்றின் பூர்வீகம் மண்தான். மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள், போட்டிக்கு வரும் மற்ற பாக்டீரியாக்களை ஒழிக்க விஷத்தைச் சுரக்கின்றன. அந்த விஷம்தான் நமக்கு மருந்து.

1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் இப்படித்தான் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோயை எதிர்த்து நன்றாக வேலைசெய்த முதல் ஆன்டிபயாடிக் அது. பாக்டீரியாவுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைத் தாக்கிக் கொல்லும்.

ஆனால், ரைபோசோம் விஷம் தயாரிக்கும் பாக்டீரியாவுக்குள்ளும் இருக்கிறதே! அது எப்படிப் பிழைக்கிறது?

மூடி போட்ட விஷம்

ஸ்ட்ரெப்டோமைசினைத் தயாரிக்கும் பாக்டீரியா, தன் உடலுக்குள் அதன்மீது பாஸ்பேட் என்ற 'மூடி'யைப் போட்டுவிடுகிறது. மூடி இருக்கும்வரை விஷம் வேலை செய்யாது. வெளியே போன பிறகுதான் மூடி கழற்றப்படும்.

பூட்டையே மாற்றுவது

எரித்ரோமைசின் தயாரிக்கும் பாக்டீரியாவின் வழி வேறு. விஷம் வந்து ஒட்டும் இடத்தில், தன் ரைபோசோமில் ஒரு சின்ன ரசாயன மாற்றம் செய்துவிடும். பழைய சாவி புதுப் பூட்டில் நுழையாது அல்லவா... அதே கதைதான்.

கையோடு முறிமருந்து

ஈ.கோலை பாக்டீரியாவில் சில ரகங்கள் 'கோலிசின்' என்ற விஷத்தைச் சுரக்கும். கூடவே, அதை முடக்கும் ஒரு புரதத்தையும் தயாரித்து வைத்துக்கொள்ளும். அந்தப் புரதம் இல்லாத ஈ.கோலை, விஷம் பட்டால் செத்துவிடும்.

நமக்கு என்ன சிக்கல்?

மருந்துக்கு அடங்காத நோய்க்கிருமிகளிடம் இருக்கும் அதே மாதிரியான என்சைம்கள், மண் பாக்டீரியாக்களிடமும் இருப்பதை 1973-ல் பென்வெனிஸ்டே, டேவிஸ் என்ற விஞ்ஞானிகள் காட்டினார்கள். கிருமிகளின் கவசம் இங்கிருந்தே வந்திருக்கலாம் என்றார்கள். பாக்டீரியாக்கள் வேறு இனத்துக்குக்கூட மரபணுவைக் கைமாற்றிக் கொடுக்கும் என்பதால், இது நடக்கக்கூடியதே.

கவசம் கைக்கு வந்த கிருமிக்கு நாம் செய்யும் உதவிதான் தேவையில்லாத ஆன்டிபயாடிக். கவசம் இல்லாதவை சாகும். இருப்பவை காலியான இடத்தில் பெருகும். சாதாரண ஜலதோஷத்துக்குக் காரணம் வைரஸ். அதை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது.

எனவே, டாக்டர் எழுதித் தராமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்காதீர்கள். போன தடவை மிச்சமான மாத்திரையை வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். நாளை நமக்கு நிஜமாகவே தேவைப்படும்போது அந்த மருந்து வேலை செய்ய வேண்டுமே!