நாலு பேர் போதும்

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு கோலார் தங்கவயலின் பகல்பொழுதே மாறிவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் போகிறார்கள், திரும்பும்போது இருட்டிவிடுகிறது. ஹாக்கிக்கோ கால்பந்துக்கோ இருபத்திரண்டு பேரை ஒரே நேரத்தில் சேர்ப்பது இங்கே லேசான காரியமில்லை. பகலில் ஊரில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களும் பெண்களும் பிள்ளைகளும்தான். இவர்களுக்குப் பொருந்தும் ஆட்டம், பேட்டால் பந்தை வலைக்கு மேலாக அடித்து ஆடும் பிக்கிள்பால் என்பது என் கருத்து. நாலு பேர் போதும்; இரண்டு பேர் இருந்தாலும் ஆடலாம்.

1965-இல் சியாட்டில் அருகே பெயின்பிரிட்ஜ் தீவில், வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக ஜோயல் பிரிச்சர்டும் நண்பர்களும் உருவாக்கியது இது. அதனால்தானோ என்னவோ, விதிகள் பலசாலியின் கையைக் கட்டிப்போடுகின்றன. சர்வீஸை இடுப்புக்குக் கீழிருந்து எதிர்மூலைக் கட்டத்துக்கு அடிக்க வேண்டும். அதை எதிராளி ஒருமுறை தரையில் எழும்பவிட்டே அடிக்கலாம். திரும்பி வருவதை நாமும் அப்படியே எழும்பவிட வேண்டும். பிறகுதான் அந்தரத்தில் அடிக்கலாம். அதையும் வலையை ஒட்டிய ஏழடிக் கட்டமான ‘கிச்சனுக்குள்’ நின்று அடிக்கக் கூடாது. வெளியே நின்று அடித்த வேகத்தில் கால் அதன் கோட்டில் பட்டாலும் தவறுதான். ஆகவே புதிதாகப் பழகுபவர் ஓங்கி அடிக்கப் பழகுவது வீண். முழங்காலைச் சற்று மடக்கி, மணிக்கட்டை அசைக்காமல், பந்தை மெதுவாகத் தள்ளி எதிராளியின் கிச்சனுக்குள் விழவைப்பதையே முதலில் பழக வேண்டும்.

பெங்களூர் அபார்ட்மென்ட்காரர்களின் ஆட்டம் நமக்கெதற்கு என்று கேட்கலாம். வெள்ளைக்கார அதிகாரிகளின் கிளப்பை வேலிக்கு வெளியே நின்று பார்த்த ஊர் இது. அந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் இந்த ஆட்டக்களம் டபுள்ஸ் இறகுப்பந்துக் களத்தின் அதே அளவு, 20-க்கு 44 அடி. சிமெண்ட் தளத்தில் கோடு போட்டு, வலையை நடுவில் 34 அங்குலத்துக்கு இறக்கினால் போதும். பேட் விலைதான் தடையா? முதல் பேட்டுகள் பிளைவுட்டில் அறுத்தவை. பழகுவதற்கு அதை நம்மூர் ஆண்டர்சன்பேட்டைத் தச்சரே செய்து தரலாம். கிழவர்களின் ஆட்டம் என்ற இளக்காரத்தைவிட எனக்குக் கவலை தருவது விபத்துதான். தலைக்கு மேல் போகும் பந்தை எட்டப் பின்பக்கமாக ஓடி விழுபவர்கள் உண்டு. உடம்பைத் திருப்பிக்கொண்டு ஓட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாயிண்டை விட்டுவிட வேண்டும். சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.