பத்தாயிரம் படும் பாடு



திருப்பூரில், தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. தேநீர்க் கடையில் பனியன் தைக்கும் தோழர் ஒருவர் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே 10,000 ரூபாய். போனஸ்!

முதலாளி மனமிரங்கி வீசிய இனாமா அது? இல்லை! 1965இல் சட்டம் வந்தது; முதலில் நூற்றுக்கு 4 என்றிருந்த குறைந்த அளவு பிறகு 8.33 ஆயிற்று. ஆண்டுக் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு! சிந்திய வியர்வைக்குச் சற்றுத் தாமதித்து வந்த கூலி.

அந்தப் பணத்தின்மீது எத்தனை கண்கள்! "தங்கம் வாங்கு" என்கிறது நகைக்கடை விளம்பரம். செய்கூலி, சேதாரம் என்று வாசலிலேயே ஒரு பங்கு கரைவதை மட்டும் சொல்லாது. "சீட்டில் சேர்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "பிள்ளைகளுக்குத் துணி?" என்கிறார் துணைவியார். அது நியாயமான கேள்வி. அதில் நான் குறுக்கிடுவதற்கில்லை.

"அஞ்சலகத்தில் போட்டுவிடட்டுமா, அண்ணே?" என்றார் தோழர்.

"கடன் உண்டா?" என்றேன்.

தலை கவிழ்ந்தது. தாயாரின் வைத்தியத்துக்கு வாங்கிய 10,000. ஐந்து ரூபாய் வட்டி!

ஐந்து ரூபாய்தானே என்று எண்ணாதீர்கள். நூற்றுக்கு, மாதந்தோறும்! அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு நூற்றுக்கு 4. பத்தாயிரத்துக்கு 400 வரும். அதே பத்தாயிரத்துக்கு வட்டிக்காரர் ஆண்டில் உறிஞ்சுவது 6,000! இந்தக் கையால் நானூறு வாங்கி, அந்தக் கையால் ஆறாயிரம் அழுவதற்குப் பெயர் சேமிப்பாம்!

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கத் தமிழகத்தில் 2003இல் சட்டமே வந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார்.

"எட்டாயிரத்தைக் கடனில் கட்டுங்கள், தோழரே! இரண்டாயிரம் துணிக்கும் அரிசிக்கும். மாதம் 500 என்ற வட்டி 100 ஆகும். ஆனாலும் அந்த ஐந்நூறையே விடாமல் கட்டிவாருங்கள். மிச்சமெல்லாம் அசலில் கழியும். ஐந்தாம் மாதத்தோடு கடன் தீரும். அஞ்சலகம் எங்கும் ஓடிவிடாது!"

ஒன்று சொல்ல மறந்தேன். வாங்கும் பணத்தை 'வட்டிக்கு வரவு' என்று எழுதும் வித்தகர்கள் உண்டு. புரோநோட்டின் பின்புறம் 'அசலில் வரவு 8,000' என்று தேதியிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். கடன் தீர்ந்த அன்றே நோட்டும் கைக்கு வரவேண்டும்.

"அவர் எழுத மறுத்தால்?" என்றார் தோழர்.

பக்கத்து மேசையில் இருந்த சங்கத் தோழர் தேநீரை வைத்துவிட்டு எழுந்தார். இருவரும் சேர்ந்தே போனார்கள்.