நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குபவரா? சிங்கிள் ரூமுக்கு எந்த ஏசி சரி?

கும்மிடிப்பூண்டி சிப்காட், திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டை என இந்தப் பக்கம் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் ரூமில் வெயில் காலத்தில் தூக்கம் வராது. தூக்கம் கெட்ட உடம்போடு மறுபடி மெஷின் முன்னால் நிற்பது ஆபத்து. அதனால் ஏசி இவர்களுக்கு ஆடம்பரம் இல்லை. ஆனால் ஆஃபரை மட்டும் பார்த்து வாங்கினால் கரன்ட் பில் எகிறிவிடும். முதலில் பார்க்க வேண்டியது பிராண்டை அல்ல, உங்கள் ரூமை!

எத்தனை டன்?

டன் என்பது ஏசியின் எடை இல்லை. வெப்பத்தை வெளியேற்றும் திறன். 1 டன் என்றால் மணிக்கு 12,000 பிடியூ. பொதுவாக 120 சதுர அடி வரை 1 டன், 180 சதுர அடி வரை 1.5 டன் போதும்.

ஆனால் மேல் மாடி, வெயில் அடிக்கும் மேற்குச் சுவர், ரூமில் மூன்று நான்கு பேர் என்றால் சின்ன ரூமுக்கும் 1.5 டன் தேவைப்படலாம். பகலில் ஓட்டுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஷீட் கூரை என்றால் முதலில் ஃபால்ஸ் சீலிங் போடுங்கள். அதே நேரம், தேவைக்கு மேல் பெரிய ஏசியும் வேண்டாம். சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும். காற்றில் உள்ள ஈரப்பதம் போகாது.

3 ஸ்டாரா, 5 ஸ்டாரா?

ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. அதாவது தினமும் 8 மணி நேரம் வீதம் 200 நாள்.

உதாரணமாக, இரண்டு ஏசிக்கும் 200 யூனிட் வித்தியாசம், யூனிட் 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,600 ரூபாய் மிச்சம். 5 ஸ்டார் 8,000 ரூபாய் கூடுதல் என்றால், போட்ட காசு திரும்ப 5 ஆண்டு ஆகும். ஷிப்ட் மாறி மாறி ரூமில் ஆள் இருந்து ஏசி அதிக நேரம் ஓடினால், இன்னும் சீக்கிரம் திரும்பும். நீண்ட நேரம் ஓட்டுபவர்களுக்கு இன்வெர்ட்டர் ஏசிதான் லாபம்.

இன்னொரு விஷயம்: தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் சலுகை குறைந்து பில் ஏறும். ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே ரேட் வாங்குகிறார் என்றால், அந்த ரேட்டை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

வாடகை ரூமா?

ஸ்ப்ளிட் ஏசியை வீடு மாறும்போது கழற்றி மாட்ட தனிச் செலவு. கேஸ் நிரப்ப வேண்டியும் வரலாம். சரியான ஜன்னல் இருந்தால் விண்டோ ஏசி சுலபம். எதுவானாலும் ஓனரிடம் முதலில் கேளுங்கள். ஏசிக்குத் தனி லைன், எர்த், எம்சிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே கூடாது.

தூசியும் உப்புக் காற்றும்

ஆலைத் தூசி இருக்கும் இடத்தில் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். பழவேற்காடு, காட்டுப்பள்ளி போன்ற கடலோரப் பக்கம் என்றால், துருப்பிடிக்காத கோட்டிங் உள்ள காப்பர் காயில் நல்லது.

வாங்கிய பிறகு 18-ல் வைக்க வேண்டாம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும். 26-ல் வைத்து ஃபேனையும் போட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.