14 நிமிடம் பிந்தினாலும் "சரியான நேரம்"தான்!

திருப்பூர் மண்ணரையில் பனியன் கம்பெனி நடத்துகிறவர் ஒருவர், சாம்பிள் துணிகளுடன் டில்லிக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

கோவை பீளமேட்டில் விமானம் ஏற வேண்டும். மும்பையில் இறங்கி, வேறு விமானம் மாற வேண்டும்.

முதல் விமானம் பிந்தினால்? அடுத்த விமானம் காத்திருக்காது. ஆர்டர் கைமாறிப் போய்விடும்!

ஆகவே, எந்தக் கம்பெனி விமானம் நேரம் தவறாமல் போகிறது என்று பார்த்து டிக்கெட் வாங்குகிறார். இந்தக் கணக்கை, சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம் மாதந்தோறும் வெளியிடுகிறது.

கணக்கு எப்படி எடுக்கிறார்கள்?

கட்டை எடுத்த நேரம்

நிற்கும் விமானம் உருண்டு விடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருப்பார்கள். லாரிக்குக் கல் வைப்பது போலத்தான். அந்தக் கட்டையை எடுத்து, விமானம் நகரும் நேரமே "புறப்பட்ட நேரம்". வானத்தில் எழும்பிய நேரம் அல்ல! பிறகு ஓடுபாதை அருகே அரை மணி நேரம் வரிசையில் நின்றாலும், அது தாமதப் புறப்பாடு ஆகாது.

வந்து சேர்வதும் அப்படியே. தரையைத் தொட்ட நேரம் அல்ல. வந்து நின்ற நேரம்.

இப்போது பல விமானங்களில், கதவுகளை மூடி பிரேக்கை விடுவித்ததும் கருவியே நேரத்தைக் குறித்து அனுப்பி விடுகிறது.

கால் மணிச் சலுகை

குறித்த நேரத்துக்குப் பிறகு கால் மணி வரை சலுகை உண்டு. 1987-ல் அமெரிக்க அரசு, பெரிய விமானக் கம்பெனிகள் இக்கணக்கைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டது. அங்கும் இதே 15 நிமிட அளவுதான்.

ஆனால் மண்ணரைக்காரருக்கு, அந்த 14-வது நிமிடத்தில் அடுத்த விமானத்தின் கதவு மூடி விடலாம்!

இன்னொரு வித்தையும் உண்டு. பயண நேரத்தை அட்டவணையிலேயே கொஞ்சம் கூட்டிப் போட்டு விடுவார்கள். விமானம் தாமதமாகக் கிளம்பினாலும் "முன்னதாகவே" வந்து விடும். மூன்று நாளில் தைக்கும் சட்டையை ஐந்து நாள் ஆகும் என்று சொல்லி, நாலாம் நாள் கொடுத்து நல்ல பேர் வாங்கும் தையல்காரரின் சாமர்த்தியம்!

கோவை எங்கே?

பத்திரிகைகளில் வரும் சதவிகிதம், டில்லி, மும்பை, பெங்களூர், ஐதராபாத் போன்ற பெருநகர விமான நிலையங்களில் எடுத்த கணக்கு. பீளமேடு அதில் சேரவில்லை. மண்ணரைக்காரர் பார்த்த கணக்கில், அவர் ஏறும் ஊரே இல்லை!

அவருக்குக் கை கொடுப்பது டிக்கெட்தான். இரண்டு விமானத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் வாங்கியிருந்தால், தவறிய விமானத்துக்குப் பதில் வேறு விமானத்தில் அனுப்பும் பொறுப்பு பெரும்பாலும் கம்பெனியுடையது. தனித்தனி டிக்கெட் என்றால், இரண்டாவது டிக்கெட்டின் பணம் அநேகமாகப் போனதுதான்.