இசைக் குறுந்தகடு

இசைக் குறுந்தகடு (இறுவட்டு) என்பது எண்முறையில் பதியப்பட்ட ஒலியை லேசர் ஒளியால் படிக்க உதவும், 12 செ.மீ. விட்டமுடைய வட்டு ஆகும். பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய இது 1982இல் விற்பனைக்கு வந்தது. இதில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதியப்படுகிறது. ஒரு வட்டை 99 தடங்கள் வரை பிரிக்கலாம்.

தொடரும் விருப்பம்

இணையவழி இசை பரவிய பின்னரும் குறுந்தகட்டை விரும்புவோர் உள்ளனர். அமெரிக்காவில் இதன் விற்பனை 2004க்குப் பின் முதன்முறையாக 2021இல் உயர்ந்தது.

இவ்விருப்பத்தின் காரணத்தைத் திருப்பாவையைக் கொண்டு விளக்கலாம். விருதுநகர் மாவட்டத்தில் இராஜபாளையத்தை அடுத்துள்ள திருவில்லிபுத்தூரைச் சேர்ந்த ஆண்டாள் இயற்றிய இந்நூலில் 30 பாசுரங்கள் உள்ளன. இவற்றை மார்கழியில் நாளுக்கு ஒன்றாகப் பாடுவது வழக்கம். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் இவற்றுக்கு இசையமைத்தார், எம். எல். வசந்தகுமாரி பாடிய பதிவு புகழ்பெற்றது. பாசுரங்கள் தனித்தனித் தடங்களாக அமைந்த குறுந்தகட்டில், அன்றைய பாசுரத்தை அதன் எண்ணைக் கொண்டே கேட்கலாம், வரிசையும் மாறாது. உரிமம் முடிந்தால் இணையச் சேவையிலிருந்து ஒரு பதிவு நீக்கப்படலாம். விலைக்கு வாங்கிய குறுந்தகடோ கேட்பவரிடமே இருக்கும்.

குறைகள்

கீறல் விழுந்தால் ஒலி தடைப்படும். கணினியில் எழுதப்படும் வட்டுகளின் சாயப்பூச்சு காலப்போக்கில் மங்கக்கூடும். ஆகையால் அரிய பதிவுகளுக்கு மறுபடி எடுத்து வைத்தல் இன்றியமையாதது.