பிள்ளைக்கு மார்க், செய்தது அப்பா!
ராயபுரம் முதல் எண்ணூர் வரை ராத்திரி நடக்கும் "பிராஜெக்ட்" வேலை

சென்னை:
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 11 மணிக்கு வீட்டில் விளக்கு எரிகிறதா? யாருக்கோ காய்ச்சல் என்று பயந்து விடாதீர்கள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் "பிராஜெக்ட்" கொண்டு போக வேண்டும்!

அப்பா தெர்மோகோலை பிளேடால் அறுக்கிறார். அம்மா கலர் பேப்பர் ஒட்டுகிறார். அக்கா சார்ட்டில் கொட்டை எழுத்தில் தலைப்பு எழுதுகிறாள். செய்ய வேண்டிய பையனோ பாயில் சுருண்டு தூங்குகிறான்.

விடிந்தால் தகதகவென்று ஒரு கலங்கரை விளக்கம் தயார். பல்பு கூட எரிகிறது. "இது எப்படிப்பா எரியுது?" என்று டீச்சர் கேட்டால் பையன் திருதிருவென்று விழிக்கிறான். ஆனாலும் மார்க் பத்துக்குப் பத்து!

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று இல்லை, ஊர் முழுக்க இதே கதைதான்.

கோணல் படகுக்கு 5 மார்க்

பக்கத்து பெஞ்சுப் பையனின் அப்பாவுக்கு ஹார்பரில் நைட் ஷிப்ட். அம்மா காசிமேட்டில் மீன் விற்கப் போய்விடுவார். வீட்டில் உதவிக்கு ஆள் இல்லை. தீப்பெட்டியையும் துடைப்பக் குச்சியையும் வைத்து அவனே ஒரு படகு செய்து வருகிறான். படகு கோணல். பசை வழிந்து கிடக்கிறது. ஆனால் எந்தக் குச்சி எதற்கு என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வான்.

அவனுக்கு 5 மார்க். அப்பா செய்த கலங்கரை விளக்கத்துக்கு 10 மார்க். இது என்ன நியாயம்?

இதில் இரண்டு பிள்ளைகளுக்குமே நஷ்டம். ஒருவனுக்குத் தன் கை வேலை மட்டம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இன்னொருவனுக்கு எதையும் யாராவது செய்து கொடுப்பார்கள் என்ற பழக்கம் வந்துவிடுகிறது.

பெற்றோரைக் கேட்டால், "மார்க் குறைஞ்சா யாரு பொறுப்பு? டீச்சரே நீட்டா இருக்கணும்னு சொல்றாங்களே!" என்கிறார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் எரிமலை மாடல் கேட்டால், அதை அப்பாதானே செய்ய வேண்டியிருக்கிறது?

விதி என்ன சொல்கிறது?

தமிழக அரசு 2012-13-ம் கல்வி ஆண்டில் 8-ம் வகுப்பு வரை முப்பருவ முறையைக் கொண்டு வந்தது. பரீட்சைக்கு 60 மார்க். வளரறி மதிப்பீட்டுக்கு 40 மார்க். அந்த 40-ல் 20 மார்க் செயல்பாடுகளுக்கு. பிள்ளை தானே பார்த்து, செய்து, கற்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

சி.பி.எஸ்.இ. 2009-ல் தொடர் மதிப்பீட்டு முறையைக் கொண்டு வந்தபோது, பிராஜெக்ட்டுகளைப் பள்ளி நேரத்திலேயே மாணவர்கள் குழுவாகச் செய்ய வேண்டும் என்று சொன்னது. 2018 மே மாதம் சென்னை ஐகோர்ட்டு, 1, 2-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று உத்தரவிட்டது.

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நாடு தழுவி நடக்கிறது. தமிழகத்தில் இதை நடத்தி வருவது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, தாங்களே விசாரித்து, எண்ணி, அளந்து, மேடை ஏறிச் சொல்ல வேண்டும். ஆசிரியர் வழிகாட்டலாம், அவ்வளவுதான். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியது பிள்ளை. அங்கே அப்பா செய்த மாடல் எடுபடாது!

வாசலிலேயே பாடம்

வடசென்னைப் பிள்ளைக்குத் தெர்மோகோல் எதற்கு? வாசலைத் தாண்டினால் பாடம் கிடக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தடைக்கு முன்பு வஞ்சிரம் கிலோ என்ன விலை, தடைக் காலத்தில் என்ன விலை என்று வாரா வாரம் நோட்டில் குறித்தால் அது ஒரு பிராஜெக்ட். செலவு ஒரு பென்சில்!

ராயபுரம் ரெயில் நிலையத்தில் இருந்துதான் 1856 ஜூலை 1-ந்தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் சேவை வாலாஜா ரோட்டுக்குத் தொடங்கியது. அந்தக் கட்டிடத்தின் தூண்களை எண்ணிப் படம் வரையலாம். பெரியவர்களிடம் கதை கேட்கலாம்.

2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது. எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, ஸ்கேல் வைத்து அளந்து வரலாம். மாடியில் ஈரமான வெள்ளைத் துணியைக் காயப்போட்டு, எத்தனை நாளில் அழுக்குப் படிகிறது என்று பார்க்கலாம். இதையெல்லாம் எந்த ஜெராக்ஸ் கடையிலும் பிரிண்ட் எடுக்க முடியாது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

சும்மா இருக்கச் சொல்லவில்லை. பிளேடு, கரண்ட் வேலை என்றால் கூடவே இருங்கள். வீட்டில் கிடக்கும் அட்டை, டப்பாவை எடுத்துக் கொடுங்கள். காசிமேட்டுக்கோ கடற்கரைக்கோ கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். "ஏன் இப்படி வச்சே?" என்று கேளுங்கள். ஞாயிறு ராத்திரி வரை விடாமல் புதன்கிழமையே ஞாபகப்படுத்துங்கள். கத்தரிக்கோலை மட்டும் பிள்ளை கையில் இருந்து பிடுங்காதீர்கள்.

டீச்சர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பளபளப்பைப் பார்த்து மார்க் போடாமல், பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு மார்க் போட்டால் போதும். யார் கை வேலை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கோணல் படகு கோணலாகவே பள்ளிக்குப் போகட்டும். அடுத்த படகை அவனே நேராகச் செய்வான்.