வசந்தகாலப் பனிச்சரிவு: மதியத்துக்கு முன் இறங்கிவிடுங்கள்

ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக்குப் போகும் எமது இளைஞர் சிலர், அடையாளமிட்ட சறுக்குப் பாதைக்கு வெளியேயும் போகிறார்கள். வெயில் எறிக்கிறது, இனிப் பயமில்லை என நாமும் இருந்துவிடுகிறோம்.

முகிலில்லாத இரவில் மேற்பனி உறைந்து இறுகும். வெயில் ஏற, உருகிய நீர் உள்ளிறங்கிப் பனி அடுக்குகளின் பிடிப்பைத் தளர்த்தும். முதலில் கிழக்குச் சரிவு, பின்பு தெற்கு, மேற்கு. இரவு முகில் மூடியிருந்தால் காலையிலும் பனி இறுகியிராது; அன்று போகாமல் விடுவதே நல்லது. கணுக்காலுக்கு மேல் புதைந்தால் திரும்பிவிடுங்கள்.

தாவோஸ் பனிச்சரிவு ஆய்வு நிலையம் ஆபத்தை 1 முதல் 5 வரை அறிவிக்கிறது. 3 என்றால் நடுத்தரம்தானே என்று எண்ணவேண்டாம். சுவிஸில் உயிரிழப்புகளில் ஏறக்குறையப் பாதி அந்நிலையில்தான்.

புதைந்தவர்கள் பெரும்பாலும் மூச்சடைத்தே இறக்கிறார்கள். 2024இல் வெளியான சுவிஸ் ஆய்வின்படி, 10 நிமிடத்துக்குள் மீட்கப்பட்டோரில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்தனர். அரை மணியில் அது மூன்றாகிவிடுகிறது. 1414க்கு அழைத்தாலும் ஹெலிகொப்டர் வரும்வரை காத்திருக்க முடியாது. கூட வந்தவர்தான் தோண்டவேண்டும். ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, குத்தித் தேடும் கோல், சவள் இருக்கவேண்டும். (கருவியை வீட்டுத் தோட்டத்தில் ஒளித்துவைத்துத் தேடிப் பழகாவிட்டால் வாங்கியும் பயனில்லை.) முகம் தெரிந்ததும் வாய், மூக்கிலுள்ள பனியை அகற்றுங்கள், மூச்சில்லையேல் உடனே செயற்கைச் சுவாசம் கொடுங்கள்.